நாய்க்குட்டி வளர்த்து விற்க லைசென்ஸ் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்க்கும் நண்பர்கள், புதிதாகக் கென்னல் (நாய்ப் பண்ணை) தொடங்க நினைப்பவர்கள், குட்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் மாற்றி மாற்றிக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். சட்டத்தின் வாசகத்தை அப்படியே கொட்டாமல், நடைமுறையில் அது யாரை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்லப் பார்க்கிறேன். என் கருத்தையும் மறைக்கவில்லை. இந்த விதிகள் எல்லாமே கடைசியில் ஒரு கூண்டுக்குள் இருக்கிற தாய் நாய்க்காகத்தான், அந்த நாயை நேரில் போய்ப் பார்க்காமல் யாரும் குட்டி வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நாய்க்குட்டி விற்க லைசென்ஸ் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதா? நான் கேள்விப்பட்டதே இல்லையே?

இருக்கிறது. 2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. அதன்படி மாநில விலங்குகள் நல வாரியத்திடம் பதிவுச் சான்றிதழ் வாங்காமல் யாரும் நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்கக் கூடாது, விற்பதற்காக வளர்க்கவும் கூடாது. பேச்சு வழக்கில் நாம் லைசென்ஸ் என்று சொல்வது இந்தப் பதிவைத்தான்.

நீங்கள் கேள்விப்படாததில் ஆச்சரியம் இல்லை. அதே சமயத்தில்தான் கால்நடைச் சந்தை விதிகளும் வந்தன. மாடு விற்பனை, மாட்டிறைச்சி என்று நாடு முழுக்கப் பெரிய சண்டை நடந்தது, மதுரை உயர் நீதிமன்றக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடையும் விதித்தது. அந்தச் சத்தத்தில் நாய் விதிகளை யாரும் கவனிக்கவில்லை. கால்நடைச் சந்தை விதிகள் தள்ளாடியபோதும் நாய் விதிகள் அப்படியே நின்றுவிட்டன.

என்னிடம் ஒரே ஒரு லேப்ரடார் பெட்டை இருக்கிறது. ஒரு தடவை குட்டி எடுத்து விற்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 12 மாதத்தில் 3 ஈத்து (ஒரு முறை குட்டி போடுவது ஓர் ஈத்து) அல்லது அதற்கு மேல் எடுத்துக் குட்டிகளை விற்றால் லைசென்ஸ் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் விதியில் அப்படி எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒரு குறிப்பிட்ட இன நாயை வைத்துக்கொண்டு, இனப்பெருக்கம் செய்து, குட்டியை விற்பவர் பிரீடர். அவ்வளவுதான் வரையறை. தனி நபரும் அதற்குள் வருவார், குழுவாகச் செய்பவர்களும் வருவார்கள், இடைத்தரகர், வியாபாரி, நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் போர்டிங் நடத்துபவர் எல்லோருமே வருவார்கள்.

தெரியாமல் சேர்ந்து குட்டி போட்டுவிட்டது, காசு வாங்காமல் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அது வேறு கதை. அதை யாரும் வியாபாரம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் "ஒரு தடவை" என்று தொடங்குவது எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். முதல் ஈத்தில் எட்டு குட்டி, நல்ல காசு, அடுத்த ஹீட்டுக்கும் (சினைப்பருவத்துக்கும்) யாரிடம் கிராஸிங் (இணை சேர்க்க) விடலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவோம். ஒரு பெண் நாய் ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் ஆரோக்கியமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள், அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. விற்க வேண்டிய அவசியம் இல்லை என்றால் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள், பிற்காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் போகும்.

நான் குட்டி விற்பதில்லை, ஆண் நாயை கிராஸிங்குக்கு மட்டும் விடுகிறேன்.

காசு வாங்கினாலும் சரி, ஈத்தில் ஒரு குட்டியை எடுத்துக்கொண்டு அதை விற்றாலும் சரி, இனப்பெருக்கத்துக்காக நாய் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் ஆகும். பதிவு செய்துவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், வருகிற பெட்டைக்கு என்ன வயது, கடைசியாக எப்போது குட்டி போட்டது என்று கேளுங்கள். எட்டு மாதப் பெட்டையை அழைத்துக்கொண்டு முதல் ஹீட்டிலேயே வருகிறவர்களைத் திருப்பி அனுப்பக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

என் நாய்க்கு கேசிஐ பேப்பர் இருக்கிறது. அது போதாதா?

போதாது. இந்தக் குழப்பம்தான் எல்லாவற்றிலும் பெரியது. கேசிஐ எனப்படும் இந்தியக் கென்னல் கிளப் (தலைமையகம் சென்னையில்தான்) தருவது வம்சாவளிச் சான்று. இந்த நாயின் அப்பா யார், அம்மா யார், எந்த இனம் என்று அது சொல்லும். அந்த நாய் இருக்கிற இடம் சுத்தமாக இருக்கிறதா, தாய் நாய் வருடத்துக்கு எத்தனை முறை குட்டி போட்டது என்பதை அது சொல்லாது, அது அரசு தரும் அனுமதியும் ஆகாது. "கேசிஐ ரிஜிஸ்டர்டு பிரீடர்" என்று விளம்பரம் போடுகிற பலரிடம் வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

மாநகராட்சியில் நாய்க்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறேனே?

அது வளர்ப்பவருக்கானது. சென்னை மாதிரி ஊர்களில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றைக் காட்டி உங்கள் செல்லப்பிராணிக்கு எடுக்கிறீர்கள். அது கட்டாயம் எடுக்க வேண்டியதுதான், ஆனால் அதை வைத்துக் குட்டி விற்க முடியாது. இரண்டும் வேறு வேறு.

சரி, பதிவு எடுக்க எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆகும்?

தமிழ்நாட்டில் தமிழ்நாடு விலங்குகள் நல வாரியம். உங்கள் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் கேட்டாலே விண்ணப்பம் எப்படிப் போக வேண்டும் என்று சொல்வார்கள். கட்டணம் 5,000 ரூபாய், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் திரும்பி வராது. பதிவு 2 ஆண்டுகளுக்குச் செல்லும், முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, அதனால் கென்னலை விலைக்கு வாங்குகிறவர் பழைய சான்றிதழை மாட்டி வைத்துக்கொண்டு நடத்தலாம் என்று நினைக்க வேண்டாம்.

5,000 ரூபாய் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு குட்டியையே அதைவிட இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கும்போது இந்தப் புகாரில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்குச் சேர்த்துத்தானே!

ஆய்வுக்கு வருகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்?

கால்நடை மருத்துவர் ஒருவராவது குழுவில் இருப்பார். முதலில் இடத்தைப் பார்ப்பார்கள். வெளிச்சம், காற்றோட்டம், வழுக்காத தரை, மழை வெயில் படாத கூரை, எப்போதும் குடிக்கத் தண்ணீர், சினை நாய்க்கும் குட்டி போட்ட நாய்க்கும் தனி இடம், நோய் வந்த நாயைப் பிரித்து வைக்க இன்னொரு இடம். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு இருபது கூண்டு அடுக்கியிருந்தால் சித்திரை மாதத்தில் அதற்குள் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூண்டு போதுமான நீளம், உயரம் இல்லாமல் இருந்தால் அது 1960 சட்டத்தின்படியே குற்றம், எப்போதும் சங்கிலியில் கட்டியே வைத்து நடக்க விடாமல் இருப்பதும் அதே சட்டத்தில் தனியாகக் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இதற்குப் புது விதியே தேவையில்லை.

அடுத்து நோட்டுப் புத்தகம். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒவ்வொரு ஆண் நாய்க்கும் பெண் நாய்க்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். பிறந்த தேதி, மைக்ரோசிப் எண், எப்போது யாரோடு இணை சேர்ந்தது, எத்தனை குட்டி, எத்தனை இறந்தது, யாருக்கு விற்றது, என்ன தடுப்பூசி. முந்தைய ஆண்டில் விற்றது, கொடுத்தது, மாற்றிக்கொண்டது எல்லாவற்றுக்கும் வருடா வருடம் வாரியத்துக்கு ஓர் அறிக்கையும் அனுப்ப வேண்டும். சான்றிதழை வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும்.

நோட்டு எழுதுவதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். எந்த ஜோடியின் குட்டிக்கு இடுப்பு மூட்டு பிரச்சினை வந்தது, எந்தத் தாய்க்குப் பால் சுரக்கவில்லை என்பதெல்லாம் எழுதி வைத்தவனுக்குத்தான் மூன்று வருடம் கழித்துத் தெரியும்.

ஒரு தாய் நாயை எத்தனை முறை குட்டி போட விடலாம்?

இந்த விதிகளின் இதயமே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆணும் பெண்ணும் குறைந்தது 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். இணை சேர்ப்பதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் இரண்டும் ஆரோக்கியமாக இருக்கின்றன என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். தொடர்ந்து இரண்டு பருவங்களில் குட்டி எடுக்கக் கூடாது, அதாவது ஒரு ஹீட்டில் எடுத்தால் அடுத்ததை விட்டுவிட வேண்டும். ஒரு பெட்டை வாழ்நாளில் மொத்தம் 5 ஈத்துக்கு மேல் போடக் கூடாது. 8 வயது தாண்டினால் கூடவே கூடாது. இணை சேர்க்க வைப்பதற்காகப் பெட்டையை ஒரு சட்டகத்தில் (ஃபிரேமில்) கட்டிவைத்து நிறுத்துவதும் கூடாது, செயற்கைக் கருவூட்டலும் கூடாது.

ஏன் இவ்வளவு கணக்கு? பெட்டை நாய் ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை ஹீட்டுக்கு வரும். சினைக்காலம் 63 நாள். குட்டிகள் பால் மறக்க இன்னும் ஒன்றரை இரண்டு மாதம். அப்புறம் ஒரு ஓரிரு மாதத்தில் அடுத்த ஹீட் வந்துவிடும். எல்லா ஹீட்டிலும் கிராஸிங் விட்டால் அந்த நாய்க்கு உடம்பு தேற இடைவெளியே கிடையாது. அப்படி ஓட்டப்பட்ட ஒரு தாய் நாயைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரியும், மடி தரையைத் தொடுகிற மாதிரி தொங்கும், முடி கொட்டிப் போய் முழங்கையில் காய்ப்பு காய்த்திருக்கும், பற்கள் தேய்ந்திருக்கும். வயது கேட்டால் நான்கு என்பார்கள். பார்க்கப் பத்து மாதிரி இருக்கும். அந்தச் சமயத்தில் அதன் குட்டி மட்டும் குளித்து, பவுடர் போட்டு, கழுத்தில் ரிப்பனோடு போட்டோவுக்கு நிற்கும்.

மூக்கு சப்பையான இனங்கள் இன்னும் மோசம். பக், பிரெஞ்சு புல்டாக் போன்றவற்றில் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு சிறிது, அதனால் பல நேரம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஈத்துக்கும் ஒரு ஆபரேஷன் என்று யோசித்துப் பாருங்கள்.

குட்டி போடும் வயது முடிந்ததும் அந்த நாயைக் கொண்டுபோய் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கிற மாதிரி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960 சட்டத்தின்படி குற்றம். அதன் உழைப்பில் சம்பாதித்த நீங்கள்தான் அதைக் கடைசி வரை பார்க்க வேண்டும், முடியாவிட்டால் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கூடப் பிறந்ததோடு சேர்த்தால் இனம் சுத்தமாக இருக்கும் என்கிறார்களே?

விதி அதைத் தடை செய்கிறது. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவை, ஒரு பக்கம் மட்டும் உடன்பிறந்தவை, சொந்தக் குட்டி, இவற்றோடு இணை சேர்க்கக் கூடாது. வெளித்தோற்றம் ஒரே மாதிரி வரும் என்பது உண்மைதான். கூடவே மறைந்திருக்கிற குறைகளும் இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வெளியே வரும் என்பதும் உண்மை.

நம் ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடம்பும் ரோஸ் நிற மூக்கும்தான் அழகு என்று அதையே தேர்ந்தெடுத்து, குறைந்த எண்ணிக்கை நாய்களுக்குள்ளேயே சேர்த்து வந்ததில் பிறவிச் செவிடு அந்த இனத்தில் தெரிந்த பிரச்சினை ஆகிவிட்டது. வாங்கும்போது குட்டிகள் கூட்டமாக இருக்கையில் கைதட்டிப் பார்த்தால் பயன் இல்லை. மற்றவை திரும்புவதைப் பார்த்து செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். அதைத் தனியாகப் பிரித்து, பின்பக்கமாக நின்று, காற்றோ நிழலோ படாமல் சத்தம் கொடுத்துப் பாருங்கள். தூங்கும்போது சோதிப்பது இன்னும் நல்லது.

45 நாள் குட்டி வாங்கலாமா? எல்லோரும் அப்படித்தானே விற்கிறார்கள்?

கூடாது. 8 வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்பது விதி மீறல். எல்லோரும் விற்கிறார்கள் என்பது உண்மைதான், 30 நாளிலேயே கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். காரணம் எளிது. நான்காவது வாரத்துக்கு மேல் குட்டிகள் திட உணவு சாப்பிடத் தொடங்கும், செலவு ஏறும். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் போட வேண்டும், அதற்கு முன்பே கைமாற்றிவிட்டால் அந்தச் செலவும் மிச்சம்.

அந்தக் கடைசி மூன்று வாரத்தில் குட்டி என்ன கற்றுக்கொள்கிறது என்பதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். ஒரு குட்டி இன்னொன்றின் காதைப் பிடித்துக் கடிக்கும். அழுத்திக் கடித்துவிட்டால் அது கீச்சென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிட்டுப் போய்விடும். கடித்தது திகைத்து நிற்கும், அடுத்த முறை மெதுவாகக் கடிக்கும். தாயின் மடியைப் பல்லால் இழுத்தால் தாய் ஒரு உறுமல் உறுமி எழுந்து போகும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவு இப்படித்தான் வருகிறது. ஐந்து வாரத்தில் பிரித்து எடுத்து வந்து, ஆறு மாதம் கழித்து "கையைப் போட்டுக் கடிக்கிறது, குழந்தையைக் கடிக்கிறது" என்று புலம்புகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

வயதைப் பொய் சொல்வார்கள், எனவே வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு 28 பால் பற்களும் பெரும்பாலும் வந்திருக்கும். முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும் இருந்து, பக்கவாட்டில் கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறாக இருந்தால் குட்டிக்கு இன்னும் வயது ஆகவில்லை.

மைக்ரோசிப் எதற்கு? அது நாய் எங்கே போகிறது என்று காட்டுமா?

காட்டாது. அரிசி மணி அளவு சிப், தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கு அடியில் ஊசி மூலம் போடுவார்கள். 15 இலக்க எண் ஒன்று அதில் இருக்கும், ஸ்கேனர் வைத்தால் தெரியும், அவ்வளவுதான். விற்கிற குட்டிக்கு இதைப் போட்டு, எண்ணை மருத்துவப் புத்தகத்தில் எழுதித் தர வேண்டியது விற்பவரின் பொறுப்பு. ஒரே ஈத்துக் கணக்கை மூன்று முறை காட்டுவது, இறந்த நாயின் சான்றை வேறு நாய்க்குப் பயன்படுத்துவது போன்ற வேலைகள் சிப் இருந்தால் கடினம். வாங்கும்போது ஸ்கேன் செய்து, புத்தகத்தில் இருக்கிற எண்ணோடு ஒத்துப்பாருங்கள்.

ஆறு மாதம் தாண்டிய நாயை விற்கலாமா?

கருத்தடை செய்த பிறகுதான். பதிவு பெற்ற பிரீடர் இன்னொரு பதிவு பெற்ற பிரீடருக்கு விற்பது மட்டும் விலக்கு.

டாபர்மேனுக்கு வால் வெட்டி, காதை நிறுத்தித் தருகிறார்களே?

அழகுக்காக வாலையும் காதையும் வெட்டுவது, குரைக்காமல் இருக்கக் குரல்வளையில் ஆபரேஷன் செய்வது எதையும் செய்யாதீர்கள், செய்த குட்டியை வாங்கவும் செய்யாதீர்கள். பிறந்து சில நாள் ஆன குட்டிக்கு மயக்க மருந்து கூட இல்லாமல் வாலை நறுக்குகிறார்கள். காதும் வாலும் நாயின் பேச்சு. வால் முழுசாக இருக்கிற டாபர்மேன் எவ்வளவு அழகு என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பஸ் பார்சலில் குட்டி அனுப்புகிறார்கள், அது சரியா?

தவறு. விலங்குகளை எடுத்துச் செல்வதற்கு 1978இலேயே விதிகள் வந்துவிட்டன. பயணம் செய்யத் தகுதியாக இருக்கிறது என்ற மருத்துவச் சான்று வேண்டும், காற்று புகும் கூண்டு வேண்டும், தண்ணீர் வேண்டும். இரவு பஸ்ஸின் அடியில் டிக்கியில் அட்டைப்பெட்டிக்குள் ஓட்டை போட்டு அனுப்புவது எந்த விதிக்கும் பொருந்தாது. போய்ப் பார்க்காமல் பணம் அனுப்பி, பார்சலில் வாங்குகிறவர் இருக்கிற வரை இதுவும் இருக்கும்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாக நாட்டு நாய் வளர்க்கிறோம். எங்களுக்கும் இந்த விதியா?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தென்மாவட்டங்களில் வளர்த்துவரும் குடும்பங்கள் கேட்கிற கேள்வி இது, கோபத்தோடும் கேட்கிறார்கள். விற்பனை என்று வந்துவிட்டால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தோட்டத்தில் நான்கு நாயை அவிழ்த்து விட்டு, தான் சாப்பிடும் கம்பங்கூழையும் மோரையும் ஊற்றி வளர்க்கிற ஒருவருக்கும் மாடியில் நாற்பது கூண்டு வைத்திருப்பவருக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட இனங்களாகப் பதிவாகியிருக்கின்றன. இந்த இனங்கள் மிஞ்சியதே அந்தத் தோட்டக்காரர்களால்தான். அவர்களுக்குத் தமிழில் எளிய படிவமும், பக்கத்துக் கால்நடை மருத்துவமனையிலேயே விண்ணப்பிக்கும் வசதியும், குறைந்த கட்டணமும் வாரியம் செய்து கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதுவரை, சேர்ந்து போய் விண்ணப்பியுங்கள். பதிவு இருந்தால், செவிட்டுக் குட்டியையும் கலப்புக் குட்டியையும் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கிற வியாபாரிக்கு எதிராகப் பேச உங்களுக்குத்தான் பலம்.

ஹஸ்கி, பிட்புல் எல்லாம் தடை என்கிறார்களே?

இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வீலர், டோசா இனு, கேன் கோர்சோ போன்ற 23 வகை நாய்கள் மூர்க்கமானவை, அவற்றை விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் அனுமதி தராதீர்கள் என்று. யாரிடமும் கருத்துக் கேட்காமல் வந்தது என்று வழக்குகள் போயின, கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் மாதமே அதை ரத்து செய்தது.

இன்னொன்று, அதே ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை. அதில் நம் வெயிலுக்குத் தாங்காத அல்லது உடலமைப்பாலேயே அவதிப்படுகிற 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியல் போட்டார்கள். ஹஸ்கி, மலமூட், செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, திபெத்திய மாஸ்டிஃப், பக், பிரெஞ்சு புல்டாக் எல்லாம் அதில் உண்டு. பிரீடர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இந்த மாதிரிக் கொள்கைகள் வரும், போகும், திருத்தப்படும், அதனால் முதலீடு போடும் முன் வாரியத்திடம் அன்றைய நிலவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீதிமன்றமோ கொள்கையோ எப்படிப் போனாலும், பனியில் ஓடப் பிறந்த இரட்டை அடுக்கு முடி நாயை மதுரை வெயிலில் வளர்த்து, ஏசி போட்டுக் காப்பாற்றுவது அந்த நாய்க்குச் செய்கிற அன்பு ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து நாயை இறக்குமதி செய்து குட்டி எடுக்கலாமா?

வியாபாரத்துக்காக முடியாது. 2016 முதல் அதற்கு இறக்குமதி அனுமதி இல்லை. வளர்ப்பு நாயாகக் கொண்டுவருவது, ஆராய்ச்சி, பாதுகாப்புப் படை, காவல்துறை போன்ற சில காரணங்களுக்குத்தான் வழி உண்டு.

பெட் ஷாப் வைத்திருக்கிறேன், பிரீடரிடம் வாங்கி விற்கிறேன்.

உங்களுக்குத் தனியாக 2018ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகள் இருக்கின்றன. கடைக்குத் தனிப் பதிவு வேண்டும். 8 வார வரம்பு அங்கேயும் உண்டு.

பதிவு இல்லாமல் நடத்தினால் என்ன தண்டனை?

சொன்னால் நம்ப மாட்டீர்கள். தாய்ச் சட்டம் 1960இல் எழுதியது, அபராதத் தொகைகளும் அப்போது எழுதியவை. அதன் கீழ் வந்த விதியை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முதல் முறை வதை செய்ததற்கு 10 முதல் 50 ரூபாய். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் குரல் கொடுத்து, அந்த முயற்சியின் பலனாக இந்தச் சட்டம் வந்த காலத்தில் 100 ரூபாய்க்கு மதிப்பு இருந்தது. இன்று ஒரு குட்டியின் ஒரு நாள் தீவனச் செலவு கூட அதில் அடங்காது. திருத்த வேண்டும் என்று பல வருடமாகக் கேட்கிறோம்.

நடைமுறையில் வலிக்கிற தண்டனை, பதிவை ரத்து செய்வதும் நாய்களைப் பறிமுதல் செய்வதும்தான். விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 325ஆம் பிரிவு வரும், அதில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

குட்டி வாங்கப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்?

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். "ஊரில் இருக்கிறது", "பார்ட்னர் வீட்டில் இருக்கிறது", "புது ஆளைக் கண்டால் கடிக்கும்" என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சிலர் வேறு ஒரு நல்ல நாயைக் கொண்டுவந்து நிறுத்தி இதுதான் அம்மா என்பார்கள். மடியைப் பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குத் தாய் என்றால் காம்புகள் இன்னும் நீண்டிருக்கும், சுற்றி முடி தேய்ந்து குட்டியின் நகக்கீறல் தெரியும். கன்னிப் பெட்டையின் வயிறு மாதிரி தட்டையாக இருந்தால் அது தாய் இல்லை. குட்டி அதனிடம் ஓடுகிறதா என்றும் கவனியுங்கள்.

தடுப்பூசிப் புத்தகத்தில் மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், மருந்துக் குப்பியின் லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிரீடரே பேனாவால் எழுதிய தேதி செல்லாது. பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நல்ல பிரீடர் உங்களையும் கேள்வி கேட்பார். வீட்டில் யார் இருக்கிறார்கள், பகலில் யார் பார்ப்பார்கள், வாடகை வீடா என்று. விற்ற குட்டி எப்படி இருக்கிறது என்று வருடத்துக்கு ஒரு முறையாவது விசாரிக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. அப்படி விசாரிக்கிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள், நாலு பேருக்கும் சொல்லுங்கள்.

வாங்கி நான்கு நாளில் குட்டி பார்வோ என்ற வைரஸ் நோயில் இறந்துவிட்டது. என்ன செய்ய?

வாந்தி, ரத்தபேதி என்று வந்து இறந்திருந்தால், நோய் பெரும்பாலும் விற்ற இடத்திலிருந்தே வந்திருக்கும், ஏனென்றால் பார்வோ உடலுக்குள் போய் அறிகுறி காட்டுவதற்கே பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். மருத்துவமனையின் பரிசோதனை முடிவு, சிகிச்சை ரசீது, வாங்கிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே புகார் பதியலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். "இன்னொரு குட்டி இலவசமாகத் தருகிறேன்" என்பார்கள். அதே கூண்டிலிருந்து வரும் இன்னொரு குட்டியை வாங்காதீர்கள். உங்கள் வீட்டிலும் அந்தக் கிருமி பல மாதம் உயிரோடு இருக்கும், பிளீச்சிங் கரைசலால் தரையைக் கழுவுங்கள், தடுப்பூசி முடியாத குட்டியைக் கொஞ்ச காலத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

எங்கள் தெருவிலேயே ஒரு மோசமான கென்னல் இருக்கிறது. யாரிடம் சொல்வது?

தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் கால்நடை பராமரிப்புத் துறை இணை இயக்குநருக்கும் நகல் போடுங்கள். நாய்கள் உடனடி ஆபத்தில் இருந்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கும் எழுதலாம், முன்பு சென்னையில் இருந்த அதன் தலைமையகம் இப்போது ஹரியானாவில் பல்லப்கரில் இருக்கிறது.

புகாரில் "கொடுமை செய்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. முகவரி, எத்தனை நாய்கள், எந்த இனங்கள், பதிவு எண் காட்டினார்களா, விளம்பரத்தில் குட்டியின் வயது என்ன போட்டார்கள், தேதியோடு படம், இவ்வளவும் இருந்தால் ஆய்வுக்கு வர வேண்டிய கட்டாயம் வரும். அந்த வீட்டுச் சுவர் ஏறிக் குதித்துப் படம் எடுக்க வேண்டாம், தெருவிலிருந்து தெரிவதும் அவர்களே போட்ட விளம்பரமும் போதும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால், அந்த முகவரிக்குப் பதிவு உண்டா, கடைசி ஆய்வு எப்போது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள்.